சென்னையில் சினிமா எடுத்த இடங்கள்: சுங்கை சிப்புட்டில் என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் இருக்கிறேன். பிறந்தது இங்கிருந்து சில மைல் தள்ளி, ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில். அந்தத் தோட்டம் இப்போது முழுக்கச் செம்பனை. அம்மா முப்பது வருஷம் அங்கே பால்மரம் வெட்டியவர். அவரை இரண்டு முறை சென்னைக்கு அழைத்துப் போனேன். இரண்டு முறையும் கோயில்களோடு சேர்த்து, தோட்டத்துத் திடலில் பாயில் உட்கார்ந்து அவர் பார்த்த படங்கள் எங்கே உருவாயின என்று தேடித் தேடிப் பார்த்தோம். திரும்பி வந்ததிலிருந்து பசாரில், கோயிலில், கல்யாண வீட்டில் எல்லாம் இதே பேச்சு. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்ல முடியவில்லை, அதனால் எழுதிவைக்கிறேன்.

படத்தில் பார்த்த இடத்தை அங்கே அப்படியே பார்க்கலாமா அக்கா?

எந்தக் காலத்துப் படம் என்பதைப் பொறுத்தது. 1977-ல் வந்த '16 வயதினிலே'க்கு முன்னால் தமிழ்ப் படங்களில் பெரும்பகுதி ஸ்டூடியோவுக்குள்தான் எடுக்கப்பட்டது. அரண்மனை, கிராமத்துக் கிணற்றடி, கதாநாயகி வீட்டு மாடிப்படி, பௌர்ணமி நிலா எல்லாம் ஃப்ளோருக்குள் போட்ட செட். படம் முடிந்ததும் பிரித்துவிடுவார்கள், அடுத்த வாரம் அதே தரையில் வேறு வீடு நிற்கும். பிறகும் இந்த வழக்கம் போகவில்லை. 1987-ல் வந்த 'நாயகன்' படத்தில் நாம் பார்த்த பம்பாய்த் தாராவியைக் கூடச் சென்னை வீனஸ் ஸ்டூடியோவில் செட் போட்டுத்தான் எடுத்தார்கள். கலை இயக்குநர் தோட்டா தரணி.

ஆகவே அம்மா காலத்துப் படம் என்றால் நீங்கள் தேடிப் போக வேண்டியது அந்த ஸ்டூடியோ நின்ற மண்ணை. உங்கள் பிள்ளைகள் காலத்துப் படம் என்றால் தெரு, கடற்கரை, பாலம், ரயில் நிலையம் எல்லாம் அப்படியே இருக்கின்றன.

போவதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். குடும்பத்தில் ஒவ்வொருவரும் தனக்கு மறக்கவே மறக்காத மூன்று காட்சிகளை ஒரு தாளில் எழுதட்டும். அதைக் கையில் வைத்துக்கொண்டு சுற்றினால்தான் இந்தப் பயணத்துக்கு உயிர் வரும். வெறுமனே கட்டடங்களைப் பார்த்துக்கொண்டு போனால் இரண்டாம் நாளே பிள்ளைகள் 'ஹோட்டலுக்குப் போகலாம்' என்பார்கள்.

ஏவிஎம் ஸ்டூடியோவுக்குள் விடுவார்களா?

எல்லாரும் முதலில் கேட்பது இதைத்தான். வடபழனியில் ஆற்காடு சாலையில், வாசலில் சுற்றும் அந்த உருண்டையைச் சாலையிலிருந்தே பார்க்கலாம். முதல் முறை போனபோது நாங்கள் பார்த்தது அது மட்டும்தான். அம்மா நடைபாதையில் நின்றபடி பத்து நிமிஷம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். தோட்டத்தில் படம் போடும்போது இந்த மாதிரி ஒரு பெயர் திரையில் வந்ததும் திடல் முழுக்கக் கைத்தட்டல் கேட்குமாம். இரண்டு கம்பத்துக்கு நடுவே கட்டிய வெள்ளைத் துணி, ரீல் மாற்றும்போது வரும் இருட்டு, அந்த இருட்டில் குழந்தைகள் போடும் கூச்சல், சைக்கிளில் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வந்தவர்கள், மழை வந்தால் பாயைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு மிச்சப் படத்தையும் பார்த்தது என்று அன்றைக்கு அந்த நடைபாதையில் அவர் சொன்னதெல்லாம் அதுவரை என்னிடம் சொல்லாத கதைகள்.

2023-ல் ஏவிஎம் வளாகத்தில் ஒரு பாரம்பரிய அருங்காட்சியகம் திறந்தார்கள். டிக்கெட் வாங்கிக்கொண்டு உள்ளே போகலாம். பழைய கார்கள், மோட்டார் சைக்கிள்கள், படப்பிடிப்புக் கருவிகள் எல்லாம் வைத்திருக்கிறார்கள். இரண்டாம் பயணத்தில் அரை நாள் அங்கேயே போனது. எந்தக் கிழமை விடுமுறை, எத்தனை மணிக்குத் திறக்கிறார்கள் என்று முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள்.

கொஞ்சம் வரலாறும் தெரிந்து போனால் நல்லது. மெய்யப்பச் செட்டியார் 1945-ல் ஏவிஎம் நிறுவனத்தைத் தொடங்கினார். முதலில் காரைக்குடியில் ஸ்டூடியோ வைத்திருந்து, 1948-ல் கோடம்பாக்கத்துக்கு மாற்றினார். சிவாஜி கணேசனின் முதல் படம் 'பராசக்தி' (1952) இங்கேதான் எடுக்கப்பட்டது. கேமரா முன்னால் அவர் பேசிய முதல் சொல் 'சக்சஸ்'. அந்த இடத்தில் ஸ்டூடியோக்காரர்கள் ஒரு நினைவுச் சின்னமே எழுப்பியிருக்கிறார்கள்.

போவதற்கு முந்தின வாரம் 'சர்வர் சுந்தரம்' (1964) படத்தை வீட்டில் போட்டுப் பாருங்கள். ஏவிஎம் எடுத்த படம். அதில் ஒரு பாட்டுக்கு எம்.எஸ்.விஸ்வநாதன் வாத்தியக் குழுவை நடத்துவதும் டி.எம்.சௌந்தரராஜன் நின்று பாடுவதும் திரையிலேயே வரும். படம் எடுக்கும் வேலை எப்படி நடந்தது என்று அதைவிட நன்றாக யாரும் சொல்லித்தர முடியாது.

வாகினி ஸ்டூடியோ எங்கே இருக்கிறது?

இல்லை. ஒரு காலத்தில் ஆசியாவிலேயே பெரிய ஸ்டூடியோக்களில் ஒன்று என்று பேர் வாங்கிய இடம். 'மாயாபஜார்' (1957) அங்கேதான் உருவானது. இன்று அந்த மண்ணில் விஜயா மருத்துவமனை இருக்கிறது, பெரிய ஷாப்பிங் மால் ஒன்றும் இருக்கிறது. மாலுக்குள்ளே சினிமா தியேட்டர்களும் உண்டு. ஏவிஎம்முக்குப் பக்கம்தான், அதே ஆற்காடு சாலை. கடோத்கஜன் லட்டு விழுங்கிய இடத்தில் இப்போது ஃபுட் கோர்ட். போய் உட்காருங்கள். எனக்கு மனசு கொஞ்சம் கனத்தது. அம்மாவுக்கு அப்படித் தெரியவில்லை. நம் தோட்டமே போய்விட்டதே, இது போனால் என்ன என்று சொல்லிவிட்டுக் காப்பி கேட்டார்.

ஜெமினி?

எஸ்.எஸ்.வாசன் 1940-ல் தொடங்கிய ஸ்டூடியோ. பெரிய பெரிய முரசுகள் மேல் பெண்கள் ஆடுவார்களே, அந்த 'சந்திரலேகா' (1948) அங்கே எடுத்ததுதான். ஸ்டூடியோ போய்விட்டது. அந்த இடத்தில் இப்போது ஒரு பெரிய ஹோட்டல் இருக்கிறது. பெயர் மட்டும் மக்கள் வாயில் நிற்கிறது. 1973-ல் கட்டிய மேம்பாலத்துக்கு அண்ணா மேம்பாலம் என்று பெயர் வைத்தும், ஆட்டோக்காரருக்கு அது ஜெமினி பாலம்தான். சென்னையின் முதல் மேம்பாலம் அது. குதிரையை மனிதன் இழுத்துப் பிடிக்கும் சிலைகளை அங்கே பார்ப்பீர்கள். தமிழ்நாட்டில் குதிரைப் பந்தயத்தை ஒழித்ததன் நினைவாக வைத்தவை.

கிராமத்து ஆள் பட்டணம் வந்து இறங்கும் காட்சி எங்கே எடுப்பது?

இந்தக் கேள்வி எனக்கு ரொம்பப் பிடிக்கும். எத்தனை படத்தில் பார்த்திருக்கிறோம்! கையில் தகரப் பெட்டி, தோளில் துண்டு, ரயிலிலிருந்து ஒருவன் இறங்குவான். அடுத்த ஷாட்டில் சிவப்புக் கட்டடமும் மணிக்கூண்டும் தெரியும். அதற்கடுத்து ஒரு உயரமான கட்டடத்தை அண்ணாந்து பார்ப்பான். சிவப்புக் கட்டடம் சென்ட்ரல் ரயில் நிலையம், 1873-ல் திறந்தது. 2019-லிருந்து அதற்கு எம்.ஜி.ஆர். பெயர். உயரமான கட்டடம் அண்ணா சாலையில் இருக்கும் எல்ஐசி. 1959-ல் கட்டி முடித்தபோது இந்தியாவிலேயே உயரமானது என்று பெயர் எடுத்தது. இப்போது அதைவிட உயரமானவை நிறைய வந்துவிட்டன. ஆனால் 'இவன் சென்னைக்கு வந்துவிட்டான்' என்று சொல்ல அந்தக் காலத்து இயக்குநர்களுக்கு அந்த ஒரு கட்டடம் போதுமாக இருந்தது.

நம் ஆட்கள் இந்தக் காட்சியைச் செய்தே பார்க்க வேண்டும் என்பேன். சென்ட்ரல் வாசலில் இறங்கி எதிர்ப்பக்கம் போய் நின்று அந்த மணிக்கூண்டைப் பாருங்கள். பக்கத்திலேயே வெள்ளை வெளேரென்று ரிப்பன் மாளிகை (1913), மாநகராட்சி அலுவலகம். பிறகு மெட்ரோவில் ஏறி எல்ஐசி நிலையத்தில் இறங்கி மேலே வந்து அண்ணாந்து பாருங்கள். நம் தாத்தா பாட்டிகளில் பலர் கப்பல் ஏறியது இந்தச் சென்னைத் துறைமுகத்திலும் நாகப்பட்டினத்திலும்தான். போன வழியிலேயே திரும்பி வந்து நிற்கிற மாதிரி எனக்கு இருந்தது. அம்மாவை எல்ஐசி முன்னால் நிற்கவைத்து எடுத்த படம்தான் எங்கள் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறது.

மெரினாவில் என்ன பார்ப்பது?

மெரினாவில் அடக்கமான முதல்வர்கள் நான்கு பேர். அண்ணா (1969), எம்.ஜி.ஆர். (1987), ஜெயலலிதா (2016), கருணாநிதி (2018). நான்கு பேரும் சினிமாவிலிருந்து வந்தவர்கள். அண்ணா 'வேலைக்காரி'க்குக் கதை எழுதினார், கருணாநிதி 'பராசக்தி'க்கு வசனம் எழுதினார், மற்ற இருவரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். வேறு எந்த ஊர்க் கடற்கரையிலும் இப்படி ஒரு வரிசை இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

எம்.ஜி.ஆர். சமாதியில் கல் மேல் காது வைத்தால் அவர் கைக்கடிகாரம் ஓடும் சத்தம் கேட்கும் என்று ஒரு நம்பிக்கை. அம்மாவும் குனிந்து காதை வைத்தார். என்ன கேட்டது என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. ஆனால் இன்னொன்று சொன்னேன்: எம்.ஜி.ஆர். பிறந்தது 1917-ல், இலங்கையில், கண்டிக்குப் பக்கத்தில் நாவலப்பிட்டியில், சுற்றிலும் தேயிலைத் தோட்டங்கள் உள்ள ஊரில். 'அப்போ அவரும் மலைத் தோட்டத்துப் பிள்ளையா?' என்று அம்மா கேட்ட முகம் எனக்கு மறக்காது.

வெயில் ஏறுமுன் காலை ஆறரைக்குப் போங்கள், அல்லது மாலை ஐந்துக்கு மேல். கடலில் இறங்கிக் குளிக்காதீர்கள். அலை இழுக்கும், ஆபத்து.

எம்.ஜி.ஆர். வீடு?

தியாகராய நகரில் ஆற்காடு தெருவில் இருக்கும் நினைவு இல்லம். அவர் பயன்படுத்திய அம்பாசிடர் கார், வாங்கிய விருதுகள், கேடயங்கள் இருக்கின்றன. 'அடிமைப் பெண்' (1969) படத்துக்காக அவர் வளர்த்த சிங்கத்தைப் பாடம் செய்து வைத்திருக்கிறார்கள். சிறுபிள்ளைகளுக்கு மற்றதையெல்லாம் விட அந்தச் சிங்கம்தான் பிடிக்கும்.

சிவாஜி ரசிகர்களுக்கு?

அடையாற்றில் மணிமண்டபம், 2017 அக்டோபர் 1-ல், அவர் பிறந்த நாளில் திறந்தது. முன்னால் கடற்கரைச் சாலையில் நின்ற சிலையை இங்கே கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள், அதனால் பழைய புகைப்படத்தை வைத்துக்கொண்டு மெரினாவில் தேடாதீர்கள். அண்ணா சாலை சாந்தி தியேட்டரும் 2016-ல் மூடிவிட்டது.

பிள்ளைகளுக்கு இந்தப் பழைய கதையெல்லாம் வேண்டாமாம். புதுப்பட இடங்கள்?

பெசன்ட் நகர் எலியட்ஸ் கடற்கரையில் வெள்ளையாக வளைவு வைத்த ஒரு சின்ன மண்டபம் இருக்கிறது. பார்த்ததும் பிள்ளைகள் கண்டுபிடித்துவிடுவார்கள். எத்தனையோ காதல் காட்சிகள் அதன் முன்னால் எடுத்திருக்கிறார்கள். அது நிஜத்தில் ஒரு நினைவுச் சின்னம். 1930-ல் கடலில் தத்தளித்தவர்களைக் காப்பாற்றப் போய் உயிரை விட்ட கார்ல் ஷ்மிட் என்ற டென்மார்க் நாட்டு மாலுமிக்காகக் கட்டியது. அதை மட்டும் பிள்ளைகளுக்குச் சொல்லிவிட்டுப் படம் எடுக்கவிடுங்கள்.

கூவம் மேல் இருக்கும் நேப்பியர் பாலத்துக்கு 2022 சதுரங்க ஒலிம்பியாட்டின்போது கறுப்பு வெள்ளைக் கட்டம் அடித்தார்கள். அப்புறம் கிழக்குக் கடற்கரைச் சாலை. மகாபலிபுரம் வரை ஒரு நாள் கார் பிடித்துப் போனால் முட்டுக்காடு படகுத்துறை, சவுக்குத் தோப்பு, கடல் என்று எண்பதுகளின் பாட்டுக் காட்சிகள் வழி நெடுக வரும்.

வியாசர்பாடி, காசிமேடு பக்கம் எடுத்த படங்களைப் பார்த்துவிட்டு அங்கே போகலாமா என்று ஒரு தம்பி கேட்டார். போகலாம். ஆனால் அது ஜனங்கள் குடியிருக்கும் இடம். வீட்டு வாசலில் துணி காயப்போடும் அம்மாவைக் கேட்காமல் போனைத் தூக்கிப் படம் எடுக்காதீர்கள். நம் லயத்துக்கு வெளியூர்க்காரர் வந்து 'ஏழை வீடு பாரு' என்று படம் எடுத்தபோது நமக்கு எப்படி இருந்தது?

நிஜமான ஷூட்டிங் பார்க்க முடியுமா?

தெருவில் நடந்தால் தூரத்தில் நின்று பார்க்கலாம். யூனிட் ஆட்கள் தள்ளிப் போகச் சொன்னால் தள்ளிப் போய்விடுங்கள், அவர்களுக்கு ஒவ்வொரு நிமிஷமும் காசு. ஸ்டூடியோவுக்குள் தெரிந்தவர் இல்லாமல் விடமாட்டார்கள்.

முதல் பயணத்தில் நான் ஏமாந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். வடபழனியில் ஒருவர் வந்து பேசினார். ப்ரொடக்‌ஷன் மேனேஜர் தன் சொந்தக்காரர், நாளைக்குப் பெரிய நடிகர் ஷூட்டிங், உள்ளே அழைத்துப் போகிறேன் என்றார். முன்பணம் கொடுத்தேன். மறுநாள் காலை எட்டு மணியிலிருந்து பதினொன்றரை வரை ஒரு கேட் முன்னால் அம்மாவை வெயிலில் உட்காரவைத்தேன். ஆளைக் காணோம். பணத்தைவிட, அம்மா அன்றைக்குக் கட்டியிருந்த புதுப் புடவைதான் என் கண்ணில் நிற்கிறது. அதனால் தயவுசெய்து யாரிடமும் இதற்குப் பணம் கொடுக்காதீர்கள். 'உங்கள் மகளுக்கு முகவெட்டு நன்றாக இருக்கிறது, ஆடிஷனுக்கு வாங்க' என்று யாராவது சொன்னால் அந்த இடத்தைவிட்டே நகர்ந்துவிடுங்கள்.

நடிகர்கள் வீட்டைப் போய்ப் பார்க்கலாமா?

வேண்டாம். அது அவர்கள் குடும்பம் இருக்கும் வீடு.

இளையராஜா பாட்டுப் போட்ட இடம்?

சாலிகிராமத்தில் பிரசாத் ஸ்டூடியோ. நாற்பது ஆண்டுக்கு மேல் அங்கேதான் இசையமைத்தார். 2021-ல் தன் சொந்த ஒலிப்பதிவுக் கூடத்துக்கு மாறிவிட்டார். வெளியில் நின்று பார்க்கலாம், அவ்வளவுதான். நான் எதிரே ஒரு டீக்கடையில் நின்று ஒரு கிளாஸ் டீ குடித்தேன். எனக்கு அது போதும்.

சுங்கை சிப்புட்டிலிருந்து எப்படிப் போவது?

நம் ஊர் ஸ்டேஷனில் இடிஎஸ் ரயில் ஏறி கேஎல் சென்ட்ரல், அங்கிருந்து விமான நிலைய ரயில். கோலாலம்பூரிலிருந்து சென்னை ஏறத்தாழ நான்கு மணி நேரம். பினாங்கிலிருந்தும் 2024 டிசம்பரில் நேரடி விமானம் தொடங்கினார்கள். நம் பேராக் ஆட்களுக்கு அது இன்னும் வசதி, டிக்கெட் எடுக்குமுன் அட்டவணை பாருங்கள். மலேசியப் பாஸ்போர்ட்டுக்கு இந்திய விசா வேண்டும், இ-விசாவை இந்திய அரசின் சொந்தத் தளத்தில் மட்டும் எடுங்கள், அதே மாதிரி பெயர் வைத்த வேறு தளங்களில் கட்டணம் கூட வாங்குகிறார்கள். சென்னை நேரம் நமக்கு இரண்டரை மணி பின்னால்.

அங்கே விமான நிலையத்திலேயே மெட்ரோ இருக்கிறது. ஆலந்தூரில் மாறினால் வடபழனி. நான் வடபழனியில்தான் தங்கச் சொல்வேன். முருகன் கோயில், ஏவிஎம், மால் எல்லாம் பக்கம். சினிமாக்காரர்கள் பூஜை போடுவதும் அந்தக் கோயிலில்தான்.

சின்னக் கடைகளில் எல்லாரும் போனில் ஸ்கேன் செய்து பணம் கட்டுகிறார்கள், நம் மலேசிய போனில் அது சரிப்படாது. சில்லறை ரூபாய் நிறைய வைத்துக்கொள்ளுங்கள். ட்ரோன் கொண்டுபோக வேண்டாம், வெளிநாட்டவர் அங்கே இஷ்டத்துக்குப் பறக்கவிட முடியாது. அப்புறம், 'பசியாறலாமா' என்று கேட்டால் ஹோட்டல்காரர் ஒரு கணம் விழிப்பார். பிறகு சிரித்துக்கொண்டே 'மலேசியாவா?' என்பார்.

எந்த மாதம்?

ஜனவரி, பிப்ரவரி. அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை அங்கே மழைக்காலம், சில வருஷம் ஊரே தண்ணீரில் நிற்கும். நம் பள்ளி விடுமுறை டிசம்பரில் வந்தாலும் யோசித்துக்கொள்ளுங்கள். ஏப்ரல், மே வெயில் நம் வெயில் மாதிரி இல்லை.

வயசானவர்களை அழைத்துப் போக முடியுமா?

முடியும், ஒரு நாளைக்கு இரண்டு இடத்துக்கு மேல் வைக்காதீர்கள். காலையில் ஒன்று, நான்கு மணிக்கு மேல் ஒன்று. நடுவில் ஹோட்டல் அறையில் படுக்கட்டும். கழிவறை பெரிய பிரச்சினை. மால், மெட்ரோ நிலையம், ஹோட்டல் என்று எங்கே நல்ல கழிவறை கிடைக்கிறதோ அங்கே ஒரு தரம் போய் வரச் சொல்லிவிடுங்கள். மெரினா மணலில் முட்டிவலிக்காரர்கள் நடக்க முடியாது. விவேகானந்தர் இல்லத்துக்கு எதிரே 2022-ல் மாற்றுத்திறனாளிகளுக்காகக் கடல் ஓரம் வரை ஒரு மரப்பாதை போட்டார்கள். சக்கர நாற்காலியும் அதில் போகும். அம்மா கடலைக் கிட்டே பார்த்தது அந்தப் பாதையில்தான்.

சென்னை போக வசதி இல்லை. இங்கே பக்கத்தில் ஏதாவது?

இருக்கிறது. கோலாலம்பூர் பக்கம் பத்து மலை முருகன் கோயில். அஜித் நடித்த 'பில்லா' (2007) படத்தின் முருகன் பாட்டை அங்கே எடுத்தார்கள். அந்தப் படத்தில் படிக்கட்டு இப்போது இருக்கிற மாதிரி இருக்காது, 272 படிக்கும் வண்ணம் அடித்தது 2018-ல். 'கபாலி' (2016) நம் நாட்டில் எடுத்த படம் என்பது உங்களுக்கே தெரியும்.

நமக்கு இன்னும் கிட்டே, பத்து காஜா பக்கம் கெல்லி கோட்டை. 'அன்னா அண்ட் த கிங்' (1999) படத்தில் வந்தது. அதைக் கட்டத் தொடங்கிய கெல்லி ஸ்மித் துரை 1926-ல் இறந்ததும் கட்டடம் பாதியிலேயே நின்றுவிட்டது. கட்டியவர்களில் சென்னை மாகாணத்திலிருந்து வந்த தமிழர்கள் இருந்தார்கள். பக்கத்தில் அவர்களுக்காகக் கட்டிய மாரியம்மன் கோயிலையும் பாருங்கள், கூரையில் சாமிகளோடு துரையும் நிற்பார். வெளியூர்க்காரர்கள் கோட்டையைப் பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள், கோயிலுக்கு யாரும் வருவதில்லை.

அடுத்து எப்போது போகிறீர்கள்? நாங்களும் வரலாமா?

தைப்பூசம் முடிந்ததும். நான் ஏஜென்ட் கிடையாது, யாரிடமும் பணம் வாங்க மாட்டேன். டிக்கெட்டை அவரவர் எடுத்துக்கொள்ள வேண்டும், சுற்றுவது சேர்ந்து சுற்றலாம். மூன்று காட்சி எழுதிய தாளோடு வாருங்கள். அம்மாவும் வருகிறார். மாயாபஜார் எடுத்த இடத்தில் போன தடவை காப்பியோடு எழுந்து வந்துவிட்டோம், இந்தத் தடவை அங்கே உட்கார்ந்து தோசை சாப்பிட வேண்டும் என்று இப்போதே சொல்லி வைத்திருக்கிறார்.